சாவிப் பொறுப்பாளர்

ஒரு நிறுவனத்தின் பெருமையைக் கட்டடத்தை வைத்து அளப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். மேலாளரின் கார் கிளம்பாத அன்று எத்தனை பேர் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள் என்பதே சரியான அளவுகோல். அந்தக் கணக்கில், ஊருக்கு வெளியே இருந்த அந்த மாவுக் கிடங்கு உலகத்தரம் வாய்ந்தது.

ஒரு மாலை மேலாளர் காரில் ஏறிச் சாவியைத் திருகினார். கார் 'டிக்' என்றது. மறுபடி திருகினார். 'டிக், டிக்' என்றது. அதற்குமேல் பேச அதற்கு விருப்பமில்லை.

உடனே 'காரணம் கண்டறியும் கூட்டம்' நின்ற நிலையிலேயே கூடியது. கணக்கர், பெட்ரோலில் கலப்படம் என்றார். கண்காணிப்பாளர், நாளெல்லாம் வெயிலில் நிறுத்தியதில் காருக்கு மனத்தாங்கல் என்றார். காவலாளி, நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது என்று தன் பங்குக்கு ஒரு தடயம் கொடுத்தார். மூட்டை தூக்குகிறவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. தள்ளச் சொன்னார்கள்.

அவர்களில் மூத்தவர் மாமா. அவர் மனைவியின் தம்பியும் அங்கேதான் மூட்டை தூக்கினான். அவன் 'மாமா' என்று கூப்பிடப்போய், கிடங்கே அவருக்கு மச்சானாகிவிட்டது. மாமாவுக்கு இடுப்பு போய் வெகுகாலம். இன்னும் பாரம் ஏறினால் படுத்த படுக்கைதான் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவர் படுத்தால் வீட்டில் உலை ஏறாது. ஆனாலும் அன்று தள்ளினார். எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து முறையிட்டது.

மறுநாள் மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தார். பேட்டரியின் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது.

"கரண்ட் சரியா போகல சார். சுடுதண்ணி ஊத்திச் சுரண்டி, இறுக்கி விட்டாப் போதும். அஞ்சு நிமிஷ வேலை."

மேலாளரின் முகம் சுண்டிப்போயிற்று. அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரின் காருக்குச் சுடுதண்ணீர் வைத்தியமா? ஜலதோஷத்துக்கே பெரிய ஆஸ்பத்திரி தேடுகிற மனிதர் அவர். தீர ஆராயாமல் எதையும் தொடக்கூடாது என்று சொல்லி மெக்கானிக்கை அனுப்பிவைத்தார். அந்தஸ்துக்கு ஏற்ற வியாதி கிடைக்கும்வரை தள்ளிக்கொண்டிருப்பது என்று முடிவாயிற்று. அதற்கு 'மாலைநேரக் கூட்டு உடற்பயிற்சி' என்று பெயரும் வைத்தார்கள். பெயர் வைத்துவிட்டால் எதுவும் திட்டமாகிவிடும்.

ஒரே ஒரு இடைஞ்சல். கிளட்சை விடவேண்டிய நேரத்தில் மேலாளர் விடமாட்டார். கார் ஒரு குதி குதித்து நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து தள்ளவேண்டும். மாமா இளவயதில் சரக்கு வேன் ஓட்டியவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய், தன்னைத் தள்ளுவதிலிருந்து விட்டுவிடும்படி கேட்டார். கேட்கிற கையோடு வேன் ஓட்டிய கதையையும் காதில் போட்டுவைத்தார். மேலாளர் நீண்ட நேரம் யோசித்து அவரைச் 'சாவிப் பொறுப்பாளர்' ஆக்கினார்.

பொறுப்பாளர் மாலையில் களைத்திருக்கலாகாது. ஆகவே மத்தியானத்துக்குமேல் அவருக்கு மூட்டை கிடையாது. காருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டார்கள். மாலையில் மேலாளர் பின் சீட்டில் சாய்ந்துகொள்வார். மாமா ஸ்டியரிங்கைப் பிடிப்பார். மச்சானும் மற்றவர்களும் மூச்சைப் பிடித்துத் தள்ளுவார்கள். வேகம் வந்ததும் மாமா கிளட்சை விடுவார், எஞ்சின் உறுமும். "பிரமாதம்ங்க" என்பார் மேலாளர். அந்தக் கிடங்கில் அதுவரை யாரும் மாமாவுக்கு ஒரு 'ங்க' போட்டதில்லை. வைத்தியத்துக்கு அடங்காத இடுப்பு அந்த 'ங்க'வுக்கு அடங்கியது.

இந்தப் பொற்காலத்துக்கு மேலாளரின் மனைவியால் ஆபத்து வந்தது. கணவர் தினமும் தாமதமாக வருவதும், கார் முதுகு நிறைய மாவுக் கை அச்சோடு வருவதும் பொறுக்காமல், அந்த அம்மாள் தானே மெக்கானிக்கை அனுப்பிவிட்டார். மேலாளர் உள்ளே ஏதோ கூட்டத்தில் இருந்தார். மெக்கானிக் சுரண்டினார், இறுக்கினார். மாமா சாவியைத் திருகினார். கார் ஒரே திருகலில் கிளம்பியது.

இனிமேல் யாரும் தள்ளவேண்டாம், நிம்மதியாக இருங்கள் என்று வாழ்த்திவிட்டு மெக்கானிக் போய்விட்டார்.

மாமா எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு லாரி மூச்சிரைக்க வந்து நின்றது. தார்ப்பாயை மீறி மூட்டைகள் பிதுங்கின. நாளை முதல் மத்தியானத்து மூட்டையும் அவர் முதுகுக்குத்தான். இறங்கினார். டிக்கியிலிருந்து ஸ்பானரை எடுத்தார். பேட்டரியின் முனையைக் கொஞ்சம், ரொம்பவே கொஞ்சம், தளர்த்திவிட்டார். நிறுவனத்தின் மரபுகளைக் காக்கும் உத்தமர்கள் இப்படித்தான், யார் கண்ணிலும் படாமல் உழைக்கிறார்கள்.

மாலையில் கார் 'டிக்' என்றது. மச்சான் ஜன்னலோரம் வந்து குனிந்தான்.

"மெக்கானிக் வந்துட்டுப் போனாராமே மாமா. சரி பண்ணலியா?"

"பாத்தாரு. இது ஆழமான வியாதியாம்."

பின் சீட்டில் மேலாளர் நிறைவோடு தலையசைத்தார். கடைசியில் அவருக்கேற்ற வியாதி வந்துவிட்டது.

மச்சான் குரலைத் தாழ்த்தினான். "தோள்பட்டை எறங்கிப்போச்சு மாமா, கையத் தூக்க முடியல. இன்னிக்கு ஒரு நாள் நான் உள்ள உக்காந்துக்கிறேனே. நீங்க தள்ளக்கூட வேணாம், சும்மா நின்னாப் போதும்."

மாமா சீட்டை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு மேலாளருக்கும் கேட்கிற குரலில், மச்சானுக்குப் பின்னால் நின்றவர்களையும் பார்த்துச் சொன்னார்:

"கோளாறு தோள்ல இல்லடா, மனசுல. உள்ள உக்காந்து பாத்தாத்தான் தெரியுது, உங்கள்ல ஒருத்தனும் முழு மனசாத் தள்ளுறதில்ல."