எலுமிச்சம்பழத்தை நசுக்காத வண்டி

ஒரு காட்டில், இந்த மாதிரிக் கதைகளில் வழக்கமாக நடப்பதுபோல, எல்லா மிருகங்களும் பேசின. ஓயாமல் பேசின. அதனால்தான் ஏரிக்கரையில் விரிசல் விட்டதை அடைக்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஒரே மழையில் கரை உடைந்தது. தண்ணீர் ஓடி வடிந்த பிறகு காட்டின் குறுக்கே அகலமாகச் சேறு கிடந்தது. அதில் நடந்தால் உள்ளே இழுத்தது, படகு விட்டால் ஒட்டிக்கொண்டது.

இரை தேட இந்தப் பக்கம் வந்திருந்த பவளம் என்ற கீரி மாட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் வளையில் அவளுடைய பால்குடி மாறாத குட்டிகள். கூட அப்பன்காரன் இருந்தான். நல்லவன்தான், வண்டு பிடித்துக் கொடுப்பான். பாலுக்கு அவன் எங்கே போவான்? சேற்றின் அகலம் கூப்பிடு தூரம்தான். குட்டிகள் கத்துவது இங்கே தெளிவாகக் கேட்டது. கேட்கும்போதெல்லாம் அவளுக்கு மடி கனத்தது, கண்ணில் நீர் முட்டியது, உடனே கோபமும் வந்தது. கோபத்தோடு சேற்றில் குதித்தாள். கழுத்துவரை போனவளைத் தாண்டவன் என்ற உடும்பு வாலை நீட்டி இழுத்துப் போட்டான். கொக்கிடம் போய்க் கெஞ்சினாள். "ஆளை ஏத்த எங்க சங்கத்துல அனுமதி இல்லம்மா" என்றது கொக்கு.

கடைசியில் தலைவர் கரடியிடம் போனாள். அவர் குகையில் படுத்து ஒரு மிஷினில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து எடுத்து வந்தது அது. முற்றத்துச் சருகை ஊதித் தள்ளுவது, பெட்ரோலில் ஓடுவது. அதன் காற்று கவிழ்த்து வைத்த தாம்பாளத்துக்கு அடியில் புகுந்தது. தாம்பாளம் லேசாக எழும்பி, தரையைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

பவளம் அந்தத் தாம்பாளத்தையே பார்த்தாள்.

"தலைவரே, அந்த மிஷினை ஒரு நாளைக்குக் குடுங்க. ஹோவர்கிராஃப்ட் செய்யப் போறேன்."

"அப்படின்னா?"

"காத்து மேலயே போற வண்டி. சேத்தைத் தொடாது."

கரடி தாடையைச் சொறிந்தார். செயலாளர் நரி அவர் காதில் ஏதோ சொன்னது.

"தரேம்மா. ஆனா நான்தான் தொடங்கி வைப்பேன். முறைப்படி."

முறை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் பயந்திருக்க வேண்டும். பால் கொடுக்கும் தாயின் அவசரத்தில் தலையாட்டிவிட்டாள்.

அதே விடுதியின் வட்டமான சாப்பாட்டு மேஜையிலிருந்து பலகையைக் கழற்றினார்கள். அதற்கு அடியில் லாரித் தார்ப்பாயைச் சுற்றிலும் இழுத்து ஆணி அடித்தார்கள். பலகையில் ஓட்டை போட்டு மிஷினின் மூக்கைச் செருகினார்கள். தாண்டவனை மேலே உட்கார வைத்து இழுத்து முடுக்கியதும் தார்ப்பாய் பூரியாக உப்பியது, பலகை சாய்ந்தது, தாண்டவன் புதரில் கிடந்தான்.

"காத்து வெளிய போக வழி இல்ல அண்ணே. தப்பு என்னோடதுதான், எந்திரிங்க."

தார்ப்பாயின் நடுவை ஒரு டப்பா மூடியோடு சேர்த்துப் பலகையில் முடுக்கினாள். மூடியைச் சுற்றிப் பல்லால் ஓட்டைகள் போட்டாள். இப்போது காற்று அடிவழியாகச் சீறிக்கொண்டு வெளியேற, பலகை மட்டமாக எழுந்து நின்றது. மூக்கால் இடித்தாலே நகர்ந்தது.

"எவ்வளவு கனம் தாங்கும்?" என்றான் தாண்டவன், இன்னொரு தரம் விழ விருப்பமில்லாமல்.

பவளம் ஒரு ரப்பர் குழாயை வளைத்துத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு முனையைத் தார்ப்பாய்க்குள் விட்டாள். காற்று தள்ளியதில் மறுமுனையில் தண்ணீர் மூன்று விரல் உயரம் ஏறி நின்றது. (யார் விரல் என்று கேட்காதீர்கள், இது நீதிக்கதை.)

"இந்தப் பலகை முழுக்க மூணு விரல் ஒசரத்துக்குத் தண்ணி நின்னா என்ன கனமோ, அத்தனை கனத்தை இது தூக்கும்."

"ப்பூ, மூணு விரல்தானா!"

"பலகையோட அகலத்தைப் பாருங்க. அஞ்சு குடம் தண்ணி நிக்கும். பலகைக்கும் மிஷினுக்கும் ஒரு குடம் போச்சு. மிச்சம் நாலு. நான் ஒரு சொம்பு கூட இருக்க மாட்டேன்."

"தலைவர் எத்தனை குடம் இருப்பாரு?"

"எட்டு. தேன் சீசன்ல பத்து."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பெட்ரோல் கால் டேங்க் இருந்தது. சேற்றைத் தாண்ட அது தாராளம். அப்போதே கிளம்பியிருக்கலாம், ஆனால் ராகு காலம் முடியட்டும் என்று நரி மறித்து நின்றது.

காடே திரண்டு வந்தது. முள்ளம்பன்றியை மட்டும் தார்ப்பாய்ப் பக்கம் விடவில்லை. மேளம் அடித்தார்கள். கரடி மாலையோடு வந்து, "மிஷினைப் போட்டே வைங்க, சத்தம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தார். தன் குழந்தைப் பருவத்திலிருந்து ஆரம்பித்தார். மிஷின் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருந்தது. எதிர்க்கரையில் குட்டிகளின் சத்தம் முன்னைவிட மெலிந்திருந்தது. பவளம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பேச்சு முடிந்ததும் நரி எலுமிச்சம்பழங்களோடு வந்தது. வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தது.

"சக்கரம் எங்கம்மா?"

"இதுக்குச் சக்கரம் கிடையாது."

"அப்போ பழத்தை எதுக்கு அடியில வைக்கிறது? புது வண்டி பழத்தை நசுக்காம கிளம்பலாமா?"

கூட்டம் கிளம்பக்கூடாது என்றது. நரி பழத்தைத் தார்ப்பாய் ஓரத்தில் செருகியது. காற்று அதைத் துப்பியது. பழம் உருண்டு போய்க் கரடியின் காலடியில் நின்றது. மான்கள் வாயில் குளம்பை வைத்துக்கொண்டன. அடுத்த பழத்தைப் பசை மண் வைத்து வழியில் ஒட்டினார்கள். வண்டி அதன் மேலே மெத்தென்று ஏறிக் கடந்து போனது. பழம் மாசு மருவில்லாமல் அப்படியே இருந்தது.

"ஒரு பழத்தை நசுக்கத் தெம்பில்லாத வண்டி சேத்தைத் தாண்டுமா?" என்றது ஒரு காட்டுப்பன்றி.

"நசுக்காம இருக்குறதுதான்யா வண்டியே!" என்று பவளம் கத்தினாள். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"பாரம் போதலை" என்று நரி முடிவு சொன்னது. "தலைவர் ஏறினா சரியாயிடும்."

வண்டியை மறுபடி பழத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலைவர் ஏறினார். அது தேன் சீசன். மிஷின் ஒரு முக்கு முக்கியது, வண்டி பொத்தென்று தரையில் உட்கார்ந்தது, பழம் கூழாகி நான்கு பக்கமும் சாறு தெறித்தது. காடே கை தட்டியது. குரங்கு கைபேசியில் படம் எடுத்தது.

"ஆடுச்சா? அசைஞ்சுதா? எவ்வளவு உறுதியா நிக்குது பாருங்க!" என்றார் கரடி. அதற்கு மேல் இறங்கவே இல்லை. பக்கவாட்டில் ஒரு படம், கூலிங் கிளாஸ் போட்டு ஒரு படம், மாலை இல்லாமல் ஒரு படம். டேங்கின் அடியில் பெட்ரோல் ஒரு மடக்குத்தான் தெரிந்தது. பவளம் அதைப் பார்த்தாள், எதிர்க்கரையைப் பார்த்தாள், வெட்கத்தை விட்டு அழுதேவிட்டாள்.

தாண்டவனுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பாறை மேல் ஏறித் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஆலமரத்தடியில பந்தி போட்டாச்சு! முதல் பந்திக்கு இலை பத்தாதாம்!"

பந்தியும் இல்லை, இலையும் இல்லை. அதை நின்று விசாரிக்க அங்கே யாரும் இல்லை. முதலில் குதித்து ஓடியது தலைவர்தான்.

அவர் இறங்கியதுமே வண்டி துள்ளி எழுந்தது. பவளம் தாவி ஏறினாள். தாண்டவன் கரைச் சரிவில் வைத்து உடம்பின் பலத்தையெல்லாம் கூட்டி ஒரே தள்ளு. உராய்வதற்கு எதுவும் இல்லாததால் அந்த ஒரு தள்ளே போதுமாக இருந்தது. வண்டி சேற்றுக்கு மேலே சீறிக்கொண்டு போனது. அவள் வாலைக் காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசினாள், திருப்புவதற்கு அது உதவியதா என்பது அவளுக்கே தெரியாது. அக்கரைக்கு ஒரு முழம் இருக்கும்போது மிஷின் இருமி நின்றது. வண்டி சேற்றில் அமர்வதற்குள் அவள் கரையில் இருந்தாள். குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி அவள் மடியில் முட்டின. "வண்டு குடுத்துப் பார்த்தேன், துப்பிடுச்சுங்க" என்றான் அப்பன்காரன் பரிதாபமாக.

ஆலமரத்தடியிலிருந்து காடு பசியோடு திரும்பி வந்தது. வண்டியைக் காணோம். தாண்டவன் அக்கரையைக் காட்டினான். கரடி வெகுநேரம் பார்த்தார்.

"நான் இருந்தவரைக்கும் எவ்வளவு ஒழுங்கா நின்னுச்சு!" என்றார்.

அன்றே கூட்டம் போட்டு விதி எழுதினார்கள். இனி இந்தக் காட்டில் காற்றில் மிதக்கும் எந்த வண்டியும், பாதுகாப்புக்காகத் தலைவர் மேலே உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு அங்கே ஒரு ஹோவர்கிராஃப்ட் விபத்துகூட நடந்ததில்லை. அந்தப் பெருமையைக் கரடி இன்றைக்கும் மேடைக்கு மேடை சொல்லி வருகிறார்.

நீதி: நல்ல காரியத்தைத் தொடங்கி வைக்கப் பெரியவர்களைத் தாராளமாக அழையுங்கள்; சாப்பாட்டை மட்டும் வேறு இடத்தில் போடுங்கள்.