திருவோட்டுக்கு வெள்ளிப் பூண்

மனிதனுக்குப் பெயர் வைக்கப் பெற்றோர் இருக்கிறார்கள், ஜாதகம் கணிக்க ஜோசியர் இருக்கிறார். ஆனால் ஒருவன் உண்மையில் எவ்வளவு பெறுவான் என்பதை அவன் முதுகைப் பார்த்தே, அதுவும் அரைப் பின்னம் பிசகாமல் சொல்லக்கூடியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். பெங்களூர்த் தண்டில், அதாவது கண்டோன்மெண்டில், அல்சூர் ஏரிக்குப் போகிற சாலையில், ஒரு தையல் மிஷினுக்குப் பின்னால் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகமிருந்ததா தெரியாது. எங்களுக்கு அவர் அரை இஞ்சு மாஸ்டர்.

மார்பு முப்பத்தாறு என்று நீங்கள் சொன்னால், "முப்பத்தஞ்சரை. மூச்சைப் பிடிக்காம நில்லுங்க" என்பார். நீதிபதியாக இருந்தாலும் மூச்சை விட்டுத்தான் ஆக வேண்டும்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், படகுப் பந்தயம். வேடிக்கை என்னவென்றால் அவர் வாழ்நாளில் படகில் கால் வைத்ததில்லை. குளிக்கிற அண்டாவை உற்றுப் பார்த்தாலே தலை சுற்றும் என்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சர்ச்சிலிருந்து பாதிப் பேரும், கோயிலிலிருந்து மீதிப் பேரும் ஏரிக்கரைக்கு வந்து சேரும்போது, அவர் படித்துறையின் மேல்படியில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார். காலை வெயில் ஏரியில் சில்லறை சில்லறையாக உடைந்து கிடக்கும். அதையும் அவர் அளந்துகொண்டிருப்பதாகத்தான் எனக்குத் தோன்றும்.

எங்களுடையது சீமைப் படகு அல்ல, வாரநாட்களில் ஏரிப் பாசி அள்ளுகிற தட்டைப் படகு. ஆளுக்கு ஒரு படகு, இரண்டு துடுப்பு. நடுவில் இருக்கும் தீவைச் சுற்றி வந்து படித்துறையைத் தொட வேண்டும். முதலில் தொடுகிறவன் எப்போதும் குதிரை லாடம் அடிக்கும் அந்தோணிதான். அவன் கரையேறி, தலை துவட்டி, ஒரு பீடியும் குடித்து முடித்த பிறகுதான் அடுத்த படகு கண்ணில் படும். கடைசிப் படகு என்னுடையது. அப்போதுதான் டைபாய்டிலிருந்து எழுந்திருந்த குமாஸ்தா நான். துடுப்பை நான் போட்டேனா, துடுப்பு என்னைப் போட்டதா என்று கரையில் இருந்தவர்களுக்குள் வாக்குவாதம் நடக்கும்.

எப்படியும் அந்தோணிதான் என்று தெரிந்ததும் கூட்டம் கரைந்தது. ஏரிக் குத்தகைக்காரர் ரேவண்ணா ஒரு நாள் வந்து இடுப்பில் கை வைத்து நின்று, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏன் மாஸ்டரே, ஒருத்தன் ஜெயிக்க என் படகு சும்னே தேயணுமா? கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை இவனை யாராச்சும் ஜெயிக்கணும். இல்லாட்டி ஞாயித்துக்கிழமையும் படகு பாசிக்குத்தான். ஆய்த்தா?"

அந்த வாரம் முழுக்க மாஸ்டர் தைத்த சட்டைகளுக்கெல்லாம் பித்தான் துவாரம் ஒன்று குறைந்தது.

அடுத்த வாரம், துரைமார் கிளப்பில் கோட்டுக்கு அளவெடுக்கப் போனவர் ஒரு புது வார்த்தையோடு ஓடி வந்தார். பலசாலிக்குப் பின்தங்கல், பலவீனனுக்கு முன்கிளம்பல், அப்படிச் செய்தால் எல்லாரும் ஒரே கோட்டில் வந்து சேருவார்கள், அதற்கு 'ஹேண்டிகேப்' என்று பேர். இதைச் சொல்லும்போது அவர் வாயில் ஏழு குண்டூசிகள் இருந்தன. எங்கள் காதில் விழுந்தது 'ஆண்டிக் கப்பு'.

அந்தோணி கொதித்துவிட்டான். "ஆண்டிக்குக் குடுக்கற கப்பா? நான் என்ன பிச்சையா எடுக்கறேன், மாஸ்டர்?" என்று போனவன், எங்கிருந்தோ நிஜமாகவே ஒரு திருவோட்டைக் கொண்டுவந்து மிஷின்மேல் வைத்தான். "இந்தாங்க உங்க கப்பு!"

மாஸ்டருக்கு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது. திருவோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றளவு எடுத்தார். தட்டாரிடம் கொடுத்து விளிம்புக்கு வெள்ளிப் பூண் போட்டு வாங்கி, கடை வாசலில் தொங்கவிட்டார். மறு ஞாயிறு பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். திருவோடு ஏந்துவதற்கு அப்படி ஒரு தள்ளுமுள்ளை எந்த ஊரும் பார்த்திருக்காது.

ஆளுக்கு ஒரு எண் கொடுத்தார். எண்ணுகிற கருவி அவருடைய பெரிய கத்தரி. 'சக்' என்று மூடினால் ஒன்று. 'கிரீச்' என்று திறந்தால் அரை. முதல் 'சக்' சைபர், அது எனக்கு. நான் உடனே கிளம்பலாம். அந்தோணிக்கு நாற்பத்தொண்ணரை. அதுவரை அவன் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாருடைய முதுகையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஓட்டத்தைப் பார்த்து எண்ணில் அரை கூட்டுவார், அரை குறைப்பார்.

எண் பித்து தண்டு முழுக்கப் பரவியது. தபால்கார நாராயணசாமிக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், "மாப்பிள்ளைக்கு மாஸ்டர் எவ்வளவு போட்டிருக்கார்?" என்று கேட்டார்களாம். நாராயணசாமியின் அம்மா ஓடி வந்தார்.

"பன்னெண்டை இருபதா ஆக்குங்க மாஸ்டர். கல்யாணம் முடிஞ்சதும் குறைச்சுக்கலாம்."

"அம்மா, கோட்டு வேணா தோளுல பஞ்சு வெச்சுத் தச்சுத் தரேன். எண்ணுல பஞ்சு வெக்க மாட்டேன்."

ஒரு சாவு ஊர்வலத்தில் பெட்டி தூக்கியவர்களுக்குப் பின்னால் நடந்துவந்தவர், ஒருவன் காதருகே குனிந்து, "சேசு, இடது தோள் இறங்கிட்டுதே. இனி உனக்கு இருபது இல்ல, பதினெட்டரை" என்றார். பெட்டிக்குள் இருந்தவருடைய எண்ணை மட்டும் அவர் மாற்றவில்லை.

இவ்வளவு செய்தும் அந்தோணியே ஜெயித்துக்கொண்டிருந்தான். ஒரு வாரம் ஒரு படகு நீளம், அடுத்த வாரம் அரைப் படகு. கிறிஸ்துமஸுக்கு இரண்டே ஞாயிறுகள் இருந்தபோது நாங்கள் சிலர் அந்தோணியிடம் போனோம். "அண்ணே, ஒரே ஒரு நாள் தோத்துடேன். பந்தயம் பிழைக்கும்." அவனும் நல்லவன், தலையாட்டினான். அந்த ஞாயிறு நாராயணசாமி ஜெயித்தான். கரை கூத்தாடியது. ரேவண்ணாகூட, "பரவாயில்லியே!" என்றார்.

மாஸ்டர் மட்டும் படியிறங்கி வந்தார். அந்தோணியின் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார்.

"இது நான் தச்ச சட்டை. எங்க நனையும்னு எனக்குத் தெரியும். ஈரமே இல்லியே அந்தோணி?"

அந்தோணி தரையைப் பார்த்தான்.

"இது செல்லாது."

"மாஸ்டர், படகு போயிடும்!" என்று கத்தினேன்.

"போகட்டும் தம்பி. பொய்யா ஒரு கப்பு குடுத்தா அது நெஜமாவே திருவோடுதான்." மேல்படியில் போய் உட்கார்ந்தார். அவருக்கு வாரத்தில் இருந்த ஒரே ஒரு நல்ல மணி நேரத்தை அவரே வெட்டிப் போட்டுவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசி ஞாயிறு அந்தோணிக்கு நாற்பத்து மூன்று. எனக்கு அதே சைபர். 'சக்.' கிளம்பினேன். முதுகுக்குப் பின்னால் தீவு. முகத்துக்கு நேரே படித்துறை சிறுத்துக்கொண்டே போனது. கத்தரிச் சத்தம் தண்ணீர்மேல் நடந்து வந்தது, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு படகு கரையிலிருந்து கழன்றது. தீவைச் சுற்றித் திரும்பியபோது இன்னும் நான்தான் முன்னால். பின்னால் பத்துப் படகும் ஒரே கைக்குட்டைக்குள் அடங்குவதுபோல நெருங்கி வந்தன, எல்லாவற்றையும் பிளந்துகொண்டு அந்தோணி. உள்ளங்கைத் தோல் உரிந்தது. கரையில் யாரோ வேட்டி நனைய இறங்கி, "எளி! எளி! இழுடா சைபரு!" என்று கன்னடத்திலும் தமிழிலும் அலறினார். பார்த்தால், ரேவண்ணா!

என் படகு படியை முட்டியது. இரண்டாவதாக அந்தோணியின் படகு முட்டியது கேட்டபோது நான் இன்னும் மூச்சுகூட விடவில்லை.

எல்லாரும் அந்தோணியைப் பார்த்தார்கள். அவன் துடுப்பின்மேல் சாய்ந்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை நனைந்து, இரைத்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு கையையும் மாஸ்டரை நோக்கித் தூக்கிக் காட்டினான்.

"பாருங்க மாஸ்டர், ரெண்டு பக்கமும் ஈரம்! யப்பா, இத்தனை வருசத்துல இன்னிக்குத்தான்டா நான் துடுப்புப் போட்டிருக்கேன்!" என்று சிரித்தான்.

ரேவண்ணா வேட்டியைப் பிழிந்தபடி மேலே வந்தார். "படகு உங்களுது. ஆனா அடுத்த வாரம் நானும் இறங்குவேன். எனக்கு எத்தனை போடுவீங்க?"

மாஸ்டர் அவரைச் சுற்றி வந்து முதுகைப் பார்த்தார். வயிற்றையும் பார்த்தார். "நீங்க சனிக்கிழமையே கிளம்பிடணும்" என்றார், சிரிக்காமல்.

அன்று என் கையில் திருவோட்டைத் தந்துவிட்டு என் எண்ணையும் மாற்றினார். "உனக்கு இனி அரை." ஒரு 'கிரீச்'சுக்கு நான் காத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து 'கொஞ்சம் பொறு, உனக்குப் பலம் இருக்கிறது' என்று உலகம் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்னால் அது பதினாறரை வரை ஏறியது. என் உத்தியோக உயர்வுகள் ஒன்றும் எனக்கு இப்படித் தேதி மறக்காமல் ஞாபகமில்லை.

போன மாதம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். நேற்று, தொளதொளத்துப்போன கோட்டைப் பிடித்துத் தைக்க அவர் கடைக்குப் போனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது அவருக்கு. டேப்பை எடுக்கவில்லை. திரும்பச் சொல்லி முதுகைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

"சைபர்" என்றார்.

"என்ன மாஸ்டர், மறுபடியுமா?"

"ஆமா. ஞாயித்துக்கிழமை வந்துடு. உன்னை யாரும் காக்க வெக்க மாட்டாங்க."

கோட்டு அடுத்த வாரம்தான் கிடைக்கும். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏரிக்குப் போகிறேன். அங்கே முதல் கத்தரிச் சத்தம் எனக்காக இருக்கிறது.