மிச்சநட்டு அண்ணாச்சியின் வேன் வீடு

உலகத்தில் ஓடுகிற வண்டிகளில் இருக்கும் நட்டுகளில் பாதி தேவையே இல்லாதவை என்று கண்டுபிடித்த ஒரே மனிதர், தென்காசியில் எங்கள் எதிர்வீட்டில்தான் இருந்தார். கம்பெனிக்காரன் பயத்தில் கூடுதலாகப் போட்டுவைக்கிறான் என்பது அவர் கட்சி. எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் அவர் கையில் ஒரு நட்டாவது மிஞ்சும். அதை வெயிலில் தூக்கிப் பார்த்து, "பாத்தியளா, இது இல்லாமலே ஓடுதுல்லா!" என்று ஊருக்கே அறிவித்துவிட்டு ஊறுகாய் பாட்டிலுக்குள் போடுவார். அதனால் தெரு அவருக்கு மிச்சநட்டு அண்ணாச்சி என்று பெயர் வைத்தது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும்.

அவரை மறை கழண்ட ஆள் என்று சொல்லும் கூட்டம் இன்றைக்கும் அங்கே உண்டு. சொல்லட்டும். நான் மூன்று வருடம் எதிரே குடியிருந்தவள். அந்த வண்டியில் ஏறிப் போய்க் குற்றாலத்தில் குளித்துவிட்டு உயிரோடு திரும்பியவள். என்னிடம் வந்து யாரும் நியாயம் பேச வேண்டாம்.

அண்ணாச்சி சர்வே ஆபீசில் நிலம் அளந்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆன கையோடு, பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஓய்ந்து நின்ற ஒரு கிழட்டுக் கல்யாண வேனை வாங்கிவந்தார். சீட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு கட்டில், கேஸ் அடுப்பு, இன்வெர்ட்டர், மிக்ஸி, கூரைமேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி என்று பொருத்தி அதை வீடாக்கினார். ஜன்னல்களுக்குத் திரை, அவர் மனைவியின் பழைய சேலைகள். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி அதிகம் பேசமாட்டார். அண்ணாச்சியே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

சாரல் தொடங்கியதும் தெருவீட்டைப் பூட்டிவிட்டு, ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு தோப்போரமாக வேனை நிறுத்தி, இரண்டு பேரும் அதிலேயே குடித்தனம். வெள்ளிக்கிழமையானால் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நானும் சேர்ந்துகொள்வேன். காலையில் அருவி, மத்தியானம் மதினியின் சாப்பாடு. மதினியின் முகம் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். அருவியில் நனைந்து தலையைத் துவட்டும்போது மட்டும் பத்து வயது குறைந்திருக்கும்.

இதில் ஒரு சபதம் இருந்தது. மெக்கானிக் கை அந்த வண்டியில் படக்கூடாது.

"சிவகிரியில பிடிச்சு திருவேங்கடம் வரைக்கும் அளந்தவன் நான். நாலு சக்கரத்தை அளக்கத் தெரியாதா எனக்கு?" என்பார். சொன்னபடி சக்கரங்களை நேராக்க, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டையும் தன் பழைய அளவு நாடாவையும் வைத்து இரண்டு நாள் அளந்தார். அதற்குப் பிறகு வேன் நண்டு மாதிரி ஒருக்களித்துப் போனது. இலஞ்சி ரோட்டில் எதிரே வந்த பஸ்காரர் தலையை வெளியே நீட்டி, "பெரியவரே, வண்டி கோணலாப் போவுது!" என்று கத்தினார்.

"வண்டி நேராத்தாம்டே போவுது. ரோடுதான் கோணல். நான் அளந்திருக்கேன்!"

பஸ்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கூரை ஒழுகியது. எல்லார் வீட்டிலும் ஒழுகினால் பாத்திரம் வைப்பார்கள். அண்ணாச்சி சாக்பீஸ் எடுத்து ஒவ்வொரு ஒழுகலுக்கும் சர்வே நம்பர் போட்டார். ஒன்றைத் தார் பூசி அடைத்தால் அது பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து ஒழுகும். உடனே உட்பிரிவு. வெளியே சாரல் வலுத்தால் உள்ளிருந்து குரல் வரும்: "ஏட்டி, நாலுல ரெண்டு பி ஒழுகுது, போணியை வையி!" மதினியும் தேடாமல் சரியான இடத்தில் போணியைக் கொண்டுபோய் வைப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே, வயரிங். அதை முழுதாகப் பிரித்து அண்ணாச்சியே மறுபடி இழுத்தார். அன்றிலிருந்து வைப்பர் சுவிட்சைப் போட்டால் வைப்பரும் ஓடும், உள்ளே மிக்ஸியும் ஓடும். எனவே குற்றாலத்தில் மழை பெய்தால் எங்கள் வண்டியில் சட்னி அரைபடும். வானம் கறுக்கிறது என்றால் மதினி எழுந்து தேங்காய் கீறத் தொடங்குவார்.

ஊறுகாய் பாட்டில் மட்டும் எனக்கு ஓர் ஆச்சரியம். வண்டி முழுக்கத் துரு. பாட்டிலில் இருந்த நட்டுகளோ பளபளவென்று புதிதாக மின்னின. அப்போது அதைப் பற்றி யோசிக்கிற புத்தி எனக்கு வரவில்லை.

போன வருடம் சாரல் தொடங்கும் நேரம் பார்த்து, வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் தரும் எஃப்.சி. காலாவதியானது. பெங்களூரில் இருக்கிற மகன் போனில் வந்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் தெருவே கேட்டது.

"யப்பா, இந்தத் தடவை எஃப்.சி. கெடைக்கலேன்னா அந்தத் தகர டப்பாவை எடைக்குப் போட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்திரணும். ஏழாவது மாடி, லிஃப்ட் இருக்கு, ஒரு தொந்தரவும் கெடையாது."

"சரிலே! கெடைச்சிட்டுன்னா இனிமே என் வண்டியைப் பத்தி நீ வாயே தொறக்கக் கூடாது!"

அண்ணாச்சி வாய் சும்மா இருக்காது, வாக்குக் கொடுத்துவிட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மதினி மட்டும் கையை நிறுத்தினார்.

"எய்யா, அங்க அருவி உண்டா?"

"ஷவர் இருக்கும்மா. வெந்நியே வரும்."

மதினி மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த மூன்று நாள் அண்ணாச்சி வேனைப் பிரித்து மேய்ந்தார். மாட்டி முடித்தபோது மிச்சம் பதினோரு நட்டு. ஒரே தடவையில் அத்தனை மிஞ்சியதில்லை. "பதினொண்ணு! கம்பெனிக்காரன் மூஞ்சியில கரி!" என்று அவர் குதித்தார். இது எஃப்.சி. வாங்கவா போகிறது, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல் வரை போனாலே பெரிய காரியம்.

போனது. பிரேக் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். சாக்கை விரித்து அடியில் நுழைந்து, கையிலிருந்த சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெளியே வந்தவர் சட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"எந்த ஒர்க்‌ஷாப்ல விட்டீங்க சார்?"

"என் கைதான் ஒர்க்‌ஷாப்பு."

"ஒரு நட்டு லூஸ் இல்ல. ஒரு நட்டு குறையவும் இல்ல. இவ்வளவு வயசான வண்டியில இப்படி நான் பாத்ததில்ல."

அண்ணாச்சியின் நெஞ்சு ஓரடி முன்னால் வந்தது. பதினொன்றும் பாட்டிலில் இருக்கிறதே, அடியில் எப்படிக் குறையாமல் இருக்கும் என்று நான் குழம்பி நிற்கும்போதே இன்ஸ்பெக்டர், "வைப்பரைப் போடுங்க" என்றார்.

போட்டார். வண்டிக்குள் கர்ரென்று சத்தம்.

"உள்ள என்னது?"

"பொரிகடலைச் சட்னி சார். இட்லி இருக்கு, சாப்பிடுதீயளா?" என்றார் மதினி, ஜன்னல் சேலையை விலக்கி.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டார். "வைப்பர் போட்டா சட்னி அரையுதுன்னா நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது? ஒரு மணிக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. இல்லைன்னா ஃபெயில்தான்."

கேட்டுக்கு எதிரே எலெக்ட்ரீசியன் கடை. நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "அண்ணாச்சி, அஞ்சு நிமிச வேலை. கூட்டிட்டு வாரேன்."

"படாது. எவன் கையும் இதுல படாது. நடக்கது நடக்கட்டும்." இடுப்பில் கைவைத்து, வெயிலில், அசையாமல் நின்றார். பெங்களூர் ஏழாவது மாடி எனக்குக் கண்முன் தெரிந்தது.

மதினி வண்டிக்குள் போனார். இரண்டு நிமிடத்தில் ஒரு சாண் சிவப்பு வயரோடு இறங்கிவந்து, "முடிஞ்சிட்டு, போட்டுப் பாருங்க" என்றார். வைப்பர் மட்டும் ஓடியது. மிக்ஸி மூச்சுவிடவில்லை. இவளுக்கு எந்த வயர் என்று எப்படித் தெரியும் என அண்ணாச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே இன்ஸ்பெக்டரைக் கூப்பிடப் போய்விட்டார்.

எஃப்.சி. கிடைத்தது. மகனுக்குப் போன் போட்டு, "வாயை மூடுலே!" என்று ஒரே வரியில் தகவல் சொல்லிவிட்டு, வண்டியை நேராகக் குற்றாலத்துக்கு விட்டார். நேராக என்றால் அவர் கணக்கில் நேராக.

பெண்கள் பக்கம் நானும் மதினியும் அருவிக்குள் நுழைந்தோம். அருவியில் நின்று கத்தினால் பக்கத்தில் நிற்கிறவளுக்கு மட்டும்தான் கேட்கும். அதனால்தானோ என்னவோ, மதினி வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினார்.

"நட்டெல்லாம் நாந்தாட்டி மாட்டுதேன்!"

"என்னது மதினி?"

"அவிய மத்தியானம் உறங்குவாவள்ளா? பாட்டில்ல உள்ளதை எடுத்து மாட்டிருவேன். பிளவுஸுத் துணிக்கு மேட்ச் பாக்க மாதிரி, ஒண்ணைக் கடைக்குக் கொண்டுபோயி அதே போல வாங்கிப் பாட்டில்ல போட்ருவேன். எண்ணிக்கை குறையப்படாதுல்லா!"

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவாவ. மூச்சு விட்ராதட்டி!"

சத்தியம் செய்தேன். நாங்கள் ஈரத்தலையோடு தோப்போரம் திரும்பியபோது அண்ணாச்சி அதற்குள் வண்டிக்கடியில் எதையோ கழற்றி மாட்டி முடித்திருந்தார். வழக்கம்போல ஒரு நட்டு மிச்சம். வெயிலில் தூக்கிப் பார்த்து, பாட்டிலில் போட்டார். மதினி தோசைக்கல்லை எடுக்க உள்ளே போனார். அண்ணாச்சி பெட்டியில் தேடி ஒரு ஸ்பேனரை எடுத்து, வேட்டி முனையால் துடைத்து, வேன் படியில் வைத்தார். மற்றதையெல்லாம் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

"இதையும் எடுத்து வைக்கட்டா அண்ணாச்சி?"

"அது அங்கனயே கெடக்கட்டும் தாயி," என்றார், குரலைத் தாழ்த்தி. "இன்னைக்கு மிஞ்சுன நட்டு பன்னெண்டாம் நம்பரு. பதிமூணைப் போட்டுத் திருக்கிட்டான்னா அவ கைதான் வழுக்கி அடிபடும்."

இந்தச் சாரலுக்கு நான் வேறு ஊரில் இருக்கிறேன். மழை பெய்து நான் ஏறிய கார் எதிலாவது வைப்பர் ஓடினால், உள்ளே எங்கேயாவது சட்னி அரைபடுகிறதா என்று காது தானாகத் திரும்புகிறது. எங்கள் பக்கத்தில் சொல்வதுபோலச் சொன்னால், அந்த இரண்டு பேரையும் எனக்கு ரொம்பத் தேடுகிறது.