ஒரு பாவமும் அறியாத கடைவாய்ப்பல்

தன் உடம்பைப் பற்றித் தன்னைவிட யாருக்கும் தெரியாது என்று நம்பும் ஓர் இனம் உண்டு. இவர்கள் டாக்டரிடம் போவது வைத்தியத்துக்கு அல்ல. வீட்டிலேயே எழுதிவைத்துவிட்ட தீர்ப்புக்குக் கையெழுத்து வாங்க.

எங்கள் தலைமை எழுத்தர் இந்த இனத்தில் முதல் தரம். ஒரு வாரமாக அவருக்குச் சளி, மூக்கடைப்பு. கூடவே மேல் கடைவாயில் வலி, அது தாடைவரை இழுக்கிறது, குனிந்து செருப்பு மாட்டினால் இரண்டு மடங்காகிறது. இத்தனையையும் வைத்து அவர் கண்ட முடிவு: சொத்தைப் பல்.

"மூக்கு அடைச்சதுலேர்ந்துதானே வலிக்குது? முதல்ல அதைப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"உனக்கு என்ன தெரியும்?"

பல் டாக்டரம்மா படம் எடுத்தார், ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். "பல்லெல்லாம் நல்லா இருக்கு சார். கன்னத்து எலும்புக்குள்ள சளி அடைச்சிருக்கு. மேல்பல் வேர் அதை ஒட்டியே இருக்கறதால பல் வலிக்கிற மாதிரி இருக்கும். மூக்கு டாக்டரைப் பாருங்க."

பல் டாக்டருக்குப் பல்லைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தார். நீங்களும் நானும் மூக்கு டாக்டரிடம் போயிருப்போம். அவர் இன்னொரு பல் டாக்டரிடம் போனார், அவரும் கையை விரிக்கவே மூன்றாமவரிடம் போனார், "என் பொறுப்பு, எடுத்துடுங்க" என்று எழுதிக்கொடுத்து, நாற்பது வருடமாக ஒரு பாவமும் அறியாத பல்லைப் பஞ்சில் சுற்றி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

மறுநாள் வலி அப்படியே இருந்தது. பக்கத்துப் பல்லில்.

"இதையும் எடுத்துடலாமா?" என்றாள் மனைவி, சிரிக்காமல். பிறகு அவளே மூக்கு டாக்டரிடம் இழுத்துப் போனாள். பத்து நாளில் சளி இறங்கியது, வலியும் போனது. பல்தான் வரவில்லை.

பாடம் கற்றாரா? கற்றார். ஆபத்தே அங்கேதான்.

அடுத்த மாதம் எங்கள் அலுவலக வரவேற்பு மேசைப் பெண் கீழ்த்தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பல் டாக்டர்கிட்ட போயிடாதேம்மா. இது சைனஸ். பட்டவன் சொல்றேன், ஆவி பிடி."

பாவம், நான்கு நாள் பிடித்தாள். ஐந்தாம் நாள் தாடையில் சீழ் கோத்து, வாயைத் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பார்க்கப் போன தலைமை எழுத்தரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: 'பல்தான் சார்.'

அவர் அதை நிதானமாகப் படித்தார். "நீ ஆவியைச் சரியாப் பிடிச்சிருக்க மாட்டே."

இப்படி ஒருவரை உங்களுக்கும் தெரியும், இல்லையா? சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே நாக்கால் மேல்பல்லைத் தடவி, ஒரு தரம் குனிந்து நிமிர்ந்து, 'நமக்கும் சைனஸ்தான்' என்று முடிவு கட்டினீர்களே, அதை எந்த டாக்டர் சொன்னார்?