மணி அடிக்காத வீடு

சுகபுரி என்றொரு நாடு உண்டு. வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் வரைகிறவர்களும் அந்த அரசாங்கத்தின் ஆட்கள்தான். அதை ஆண்ட இன்பவர்மருக்குக் குடிகள் மேல் அளவில்லாத அன்பு. ஆனால் அவர்களை நேரில் பார்த்தால் அவருக்கு மனசு கஷ்டமாகிவிடும். ஆகவே வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு மணி கட்டச் சொன்னார். குறை உள்ளவர்கள் கயிற்றை இழுத்தால், அரசாங்க ஆள் வந்து வேண்டியதைக் கொடுப்பார். மணி ஒலிக்காத வீட்டில் குறை இல்லை என்று பொருள்.

தையல்நாயகியின் வாசலிலும் ஒன்று தொங்கியது. சிறு வயதில் வந்த காய்ச்சலில் கழுத்துக்குக் கீழே அவளுக்கு அசைவு போய்விட்டது. வலி மட்டும் போகவில்லை. பேச்சும் குழறல்தான். சொந்தமென்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. அரசாங்கம் அமர்த்திய செங்கமலம்தான் காலையும் மாலையும் வந்து ஊட்டிவிடுவாள், துடைத்துவிடுவாள், முக்கியமாகப் புரட்டிப் படுக்கவைப்பாள். ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண் வந்து உயிருக்கே உலை வைத்துவிடும். மணியையும் செங்கமலமே அடித்து, மருந்தும் பஞ்சும் வாங்கி வைத்தாள்.

ஊரெல்லாம் மணிச்சத்தம் பெருகி மன்னருக்குத் தூக்கம் கெட்டது. நல அமைச்சர் குணபாலர் யோசித்து, அடுத்தவருக்காக மணி அடிப்பது மோசடி, அவரவர் கையால்தான் அடிக்க வேண்டும் என்று ஆணை போட்டார். பாதிச் சத்தம் அன்றைக்கே அடங்கியது. நாட்டில் நலம் பெருகிவிட்டதென்று மகிழ்ந்த மன்னர் அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார். உற்சாகம் தாங்காத அமைச்சர், மணி ஒலிக்காத வீட்டுக்கு ஆள் எதற்கு என்று இன்னோர் ஆணையும் போட்டார்.

செங்கமலம் அவரிடம் மன்றாடப் போனாள்.

“ஐயா, அவளால கையத் தூக்கவே முடியாதுங்க. எப்படிங்க மணி அடிப்பா?”

“முடியாதவர்கள், முடியவில்லை என்று மணி அடித்துச் சொல்லட்டும். யார் வேண்டாமென்றது?”

“நான் போகலைன்னா புண்ணு வெச்சுச் செத்துருவாய்யா.”

“அரசாங்கம் யாரையும் சாக விடாது அம்மா. அப்படியொரு நிலை வந்தால் மணி ஒலிக்குமல்லவா?”

செங்கமலத்தை அரண்மனைக் குதிரைகளைத் தேய்த்துவிடும் வேலைக்கு மாற்றினார்கள். குதிரைகளுக்குக் கனைக்கத் தெரியும். போகும் முன் அவள் தையல்நாயகியை இடப்பக்கமாக, சுவரைப் பார்த்துப் படுக்கவைத்து, “சாயங்காலம் எப்படியாச்சும் ஓடியாந்துர்றேன் தாயி” என்றாள். லாயத்தைவிட்டு அவளை வெளியே விடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி பயந்து பயந்து வந்து கஞ்சி புகட்டிவிட்டு ஓடிவிடுவாள். தனியாளாகப் புரட்ட அவளுக்குத் தெம்பில்லை. தையல்நாயகிக்கு இடுப்பில் புண் வந்தது, ஆழமானது, நாறியது. ஆனால் அந்த வலியைவிட அவளை அதிகம் வாட்டியது, கூட இருக்க யாரும் வராததுதான். தெருவில் காலடி கேட்டால் நெஞ்சு துள்ளும். அது வாசலைத் தாண்டிப் போனதும் சத்தமில்லாமல் அழுவாள்.

ஒருநாள் மேளதாளத்தோடு மன்னரே வந்து இறங்கினார். ஆணைக்குப் பிறகு ஒரு முறைகூட மணி அடிக்காதவள் என்பதால், ‘குறையில்லாக் குடிமகள்’ என்ற விருது தையல்நாயகிக்குக் கிடைத்திருந்தது. கூடவே ஓர் ஓவியரும் வந்திருந்தார்.

“பிரபு, இவருடைய முகம் தெரியவில்லையே” என்றார் ஓவியர்.

“திருப்புங்கள்” என்றார் மன்னர்.

இரண்டு வீரர்கள் அவளைப் பதமாகப் புரட்டினார்கள். புண்ணில் காற்றுப் பட்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

“ஆனந்தக் கண்ணீர்! அதை விட்டுவிடாதீர்” என்று குணபாலர் ஓவியரிடம் சொன்னார். மன்னருக்கும் கண் கலங்கியது.

“இப்படியே விட்டுருங்க சாமி” என்று தையல்நாயகி குழறினாள். அது யாருக்கும் விளங்கவில்லை, யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

படம் முடிந்து எல்லோரும் புறப்பட்டார்கள். நிர்வாகத்தில் கெட்டிக்காரரான குணபாலர் வாசலில் நின்று அறையைத் திரும்பிப் பார்த்தார்.

“எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கட்டும். அரசாங்கம் வந்து ஓர் ஏழை வீட்டைக் கலைத்துப்போட்டது என்ற பேச்சு வரக் கூடாது.”

வீரர்கள் பானையை நகர்த்தி வைத்தார்கள். பாயைச் சுருட்டி வைத்தார்கள். தையல்நாயகியையும் பழையபடி இடப்பக்கமாகப் புரட்டிப் போட்டார்கள்.

அந்தப் படம் இன்று சுகபுரியின் எல்லா அலுவலகங்களிலும் தொங்குகிறது. அண்டை நாட்டுத் தூதர்கள் வந்து பார்த்து மெய்சிலிர்த்து, தங்கள் நாட்டுக்கும் மணி செய்யச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தையல்நாயகி சுவரைப் பார்த்தபடி, மன்னர் இன்னொரு படத்துக்கு எப்போது வருவாரோ என்று காத்துக் கிடக்கிறாள்.