குழாய்க்குப் பின்னால்

ஊர்க் காதுகளை எல்லாம் வலிக்கவைத்துவிட்டு, அதற்காக ஒரு நாளும் வருந்தாத மனிதர் புதுக்கோட்டையில் ஒருவர்தான் இருந்தார். குழாய்க்காரர் என்போம். தண்ணீர்க் குழாய் அல்ல. கல்யாண வீட்டு வேப்பமரத்தில் கட்டுகிற ஒலிபெருக்கிக் குழாய். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி அழைத்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

மைக் முன்னால் நின்று பழகியதால், மைக் இல்லாத இடத்திலும் இரண்டு முறை ஊதிவிட்டுத்தான் பேசுவார். “ப்பூ, ப்பூ. சரசு, சோத்தப் போடு.” துக்க வீட்டிலும் அப்படித்தான். “ப்பூ, ப்பூ. எப்பிடிங்க ஆச்சு?” ஒரு பொதுக்கூட்டத்தில் தலைவர் தேசத்தை நினைத்து உருகிக்கொண்டிருந்தபோது, இவர் மேடையேறி அவர் மோவாயைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். “தேசம் எங்கிட்டும் போயிடாதுங்க. தள்ளி நின்னு பேசுங்க, இரையுது.”

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு தினசரியின் நிருபர். அவர் வீட்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் என் அறை. சந்தை நாளில் மத்தியானமானால் அவர் வீட்டு முன்சுவரில் இருந்த குழாய் நாதஸ்வர இசைத்தட்டைப் பாடத் தொடங்கும். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. கடை டெலிபோனில் திருச்சிக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருப்பேன். ஓர் இரங்கல் செய்தியைக் கெட்டிமேளத்தோடு வாசித்த நிருபர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எதிர்முனையில் உதவி ஆசிரியர் கேட்டார்: “செத்தவருக்கு அங்க கல்யாணமா சார்?”

அன்றைக்கே சண்டை போடப் போனேன். வீட்டுக்குள் நுழைந்து கொல்லைப்புறம் போனதும் ஓர் ஆச்சரியம். அங்கே சத்தம் பாதிகூட இல்லை. குழாயின் வாய் தெருவைப் பார்த்திருந்தது. அதன் முதுகுப் பக்கம் முருங்கை மரத்தடியில் பாய் விரித்து, குழாய்க்காரரும், ஆலங்குடித் தேங்காய் மண்டி ராவுத்தரும், ஆவூர்ப் பக்கத்துச் சவரிமுத்து வாத்தியாரும், அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

ராவுத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்: “எம்பயலுக்கு நான் வாப்பா இல்லையாம். போலீசாம். வீட்டுக்குள்ள போனா எந்திரிச்சு சல்யூட் அடிக்கிறான்.”

“நீங்க என்ன செஞ்சீங்க பாய்?” என்றார் குழாய்க்காரர்.

“திருப்பி அடிச்சேன். அப்பத்தான் சோறு திங்கிறான்.”

வாத்தியார் மனைவி சிரித்துவிட்டார். “எங்க லூர்து சோத்துல வெசம்னு மொதல்ல பூனைக்கு வைக்கிறான். பூனை கொழுத்துப் போச்சு, இவன் எளைச்சுப் போனான்.” நால்வரும் சிரித்தார்கள். சிரிப்பு முடியும்போது அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

குழாய்க்காரர் என்னைத் தனியே அழைத்துப் போய் ஊதினார். “ப்பூ, ப்பூ. பேப்பர்ல போட்டுறாதீங்க தம்பி. எம்மக செல்லம் வயசுக்கு வந்தப்புறம் கத்த ஆரம்பிச்சா. கோயிலு, தர்கா, மந்திரிச்ச கயிறு, திருச்சி டாக்டர் மாத்திரை, எல்லாம் ஆச்சு. கத்துனா தெரு பூரா வந்து நிக்கிது. அதான் பாட்டப் போட்டேன். பெறகு பாத்தா, இதே மாதிரி வீடு ஊருக்கு ஊரு இருக்கு. அவுகளும் பேச எடம் வேணும்ல? சந்தைக்குன்னு சொல்லிட்டு இங்கிட்டு வாராக.”

எந்த மாத்திரை தூக்கம் தருகிறது, பேயோட்டுகிற எந்தக் கோடாங்கி அடிக்காமல் விபூதி மட்டும் பூசுவான், கத்தும்போது கையைப் பிடிக்கலாமா கூடாதா, எல்லாம் அந்தப் பாயில் பேசித் தீர்ந்தன. நான் சண்டையை விட்டுவிட்டேன். அதன்பின் இரங்கல் செய்திகளைக் காலையிலேயே சொல்லிவிடுவது வழக்கமாயிற்று.

லூர்துவும் பெற்றோருடன் வருவான். பதினேழு வயது; பேச்சு குறைவு. செல்லத்தோடு முன்னறையில் உட்கார்ந்து, தட்டு சுற்றுவதைப் பார்ப்பான். ஒரு சந்தை நாளில் பாட்டு முடிந்து பார்த்தால் அவன் இல்லை. கதவு திறந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

செல்லம் சொன்னாள்: “போறேன், போறேன்னு கத்தித்தான்ப்பா சொல்லிச்சு. நீ பாட்டுப் போட்டிருந்த.”

குழாய்க்காரர் ஊதாமல் பேசி நான் கேட்டது அன்றுதான். “வண்டியக் கட்டு. மைக்குல சொல்லிட்டு வாரேன்.”

வாத்தியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாங்க. மூத்தவளுக்கு மாதா கோயில்ல ரெண்டு கல்யாண ஓலை வாசிச்சாச்சு. இந்த ஞாயித்துக்கிழமை மூணாவது. தம்பி இப்பிடின்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல நிறுத்திருவாக.”

“அப்ப பையன்?”

வாத்தியார் குனிந்து தன் குடையை எடுத்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் குதிரை வண்டியில் பேட்டரியும் குழாயும் ஏறின. கீழ ராஜ வீதி முழுக்கக் கேட்டது குழாய்க்காரரின் குரல்: “எம்மகனக் காணோம். மனசு கொஞ்சம் சொகமில்லாத பிள்ளை. நீலச் சட்டை. யாரும் அடிக்காதீங்க, பயந்தவன். பேரு கேக்காதீங்க, பேரு கேட்டா ஓடிருவான்.”

பெயர் சொன்னால் வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவன் என்று தெரிந்துவிடும். அதை மறைக்க அவர் கண்டுபிடித்த வழி அது. செய்தி எழுதுகிறவன் என்ற முறையில், ஒரு பொய்யை அவ்வளவு சுத்தமாகக் கட்டிய வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. குழாய்க்காரருக்கு மகன் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். வண்டி மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் ஊர் கணக்குப் போட்டுவிட்டது: ஆலங்குடியில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போன சரசுவிடம் ஒருத்தி, “ஒங்க மூத்த பிள்ளை கெடச்சிட்டானா அக்கா?” என்றாள். சரசு குடத்தை இறக்காமல், “தேடுறாக” என்று மட்டும் சொன்னார்.

லூர்து நார்த்தாமலையில் பாறைமேல் உட்கார்ந்திருந்தான். சந்தைக்குப் போய்வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருந்த ஆடு மேய்ப்பவர்கள் பார்த்து, கீரனூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் கூட்டம், குழாய்க்காரரின் ரகசிய மகனைப் பார்க்க. அவர் பக்கத்தில் வாத்தியார், கையில் குடையுடன். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

பையன் படியில் இறங்கினான். நேராக வாத்தியாரைப் பார்த்து, “அப்பா” என்றான்.

கூட்டம் திரும்பியது. வாத்தியார் குடையை விரித்தார். வெயில் இல்லை.

“என்னய்யா?” என்றார் குழாய்க்காரர். இரண்டு எட்டு முன்னால் வந்து பையன் கையைப் பிடித்தார். “வாய்யா, வீட்டுக்குப் போவோம்.” பையன் போனான். திரும்பித் திரும்பிக் குடையைப் பார்த்துக்கொண்டே போனான்.

கல்யாணம் நடந்தது. வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு, மகனையும் அழைத்துக்கொண்டு வெளியூர் போய்விட்டார். மறுபடி அந்தப் பாய்க்கு வரவில்லை. முகம் கொடுக்க முடியவில்லை போலும். குழாய்க்காரர் முன்சுவர்க் குழாயைக் கழற்றிவிட்டார். செல்லம் கத்தியது தெருவுக்குக் கேட்டது. வெளியே கேட்கும் இடத்தில் பேச யாருக்கும் மனம் வரவில்லை. ராவுத்தர் சில வாரம் வந்து, தனியாக உட்கார்ந்து, தேங்காய் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அவரும் நின்றார். அந்தக் குழாயை மறுபடி மாட்டச் சொல்லிப் பலமுறை கெஞ்சினேன். “இல்ல தம்பி. எந்தப் பிள்ளை எப்பச் சொல்லிட்டுப் போகுமோ” என்பார்.

சில வருடங்களில் அவர் மார்வலியில் போனார். பாடை கட்டும்போது தெருமுனையில் வாத்தியார் வந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. பின்னால் லூர்து.

கூட்டத்தில் ஒரு பெரியவர், “ஆலங்குடி மகன் வந்துட்டான்யா! கொள்ளிச் சட்டிய அவங்கிட்டக் குடுங்க, அவனுக்குத்தான் உரிமை” என்றார். அண்ணன் மகன் கையிலிருந்த சட்டியை வாங்கி லூர்துவிடம் நீட்டியும்விட்டார்கள். அவன் அப்பாவைப் பார்த்தான்.

வாத்தியாரிடம் குடை இருந்தது. விரிக்கவில்லை. “இவன் எம்மகன்” என்றார். அடுத்து நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

உள்ளே, கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சரசு நிமிர்ந்தார்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க வாத்தியாரே. அவருக்கும் கேக்கட்டும்.”

வாத்தியார் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டது.

எனக்கும் இப்போது வயதாகிவிட்டது. சொல்லக் கூசுகிற எதையாவது சொல்ல வேண்டி வந்தால், யாரும் பார்க்காதபோது இரண்டு முறை ஊதிக்கொள்கிறேன்.