ஜருகண்டி, மோகினி!

உச்சி வேளையில் நடை சாத்த எழுந்த பூசாரி பூவராகவன், கோயில் வாசற்படியில் நின்ற பெண்ணின் காலைத்தான் முதலில் பார்த்தார். பெண்களை முகம் பார்த்துப் பேசுவதில்லை என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையால் ஒரு லாபம், அந்தக் கால்கள் தரையைத் தொடாமல் நிற்பது உடனே தெரிந்துவிட்டது.

மோகினி!

கண்களை இறுக மூடிக்கொண்டார். மோகினியின் முகத்தைப் பார்த்தவன் தொலைந்தான் என்பது பிச்சாட்டூர்ப் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"இன்னா சாமி, கண்ணுல தூசியா?" குரலில் சிரிப்பு இருந்தது.

"நீ யாருன்னு எனுக்குத் தெரியும். போயிடு!"

"தெரிஞ்சுமா போவச் சொல்றீங்க?"

பூவராகவன் பக்கத்திலிருந்த தீர்த்தச் செம்பைத் தடவி எடுத்தார்.

"புரட்டாசி சனிக்கெழமன்னு காலைல மைக்குல பேசினீங்களே, ஆசைய விட்டவனுக்குத்தான் பெருமாள்னு. நானும் கேட்டேன். நீங்க விட்டுட்டீங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

விஷயம் விவகாரமாகப் போகிறது என்று பூசாரிக்குப் புரிந்தது. கையிலிருந்த செம்புத் தீர்த்தத்தை, குரல் வந்த திசையில் அப்படியே வீசினார். பேய் அலறும் என்று காத்திருந்தார்.

"துளசி வாசன நல்லாக்கீது. இன்னும் கொஞ்சம் குடுங்க."

பின்னால் நகர்ந்தார். வீசியதில் காலடியில் சிந்திய தண்ணீரே அவரை வழுக்கிவிட்டது. தடுமாறி உட்கார்ந்த இடம், மாலை பிரசாதத்துக்கு ஆறவைத்திருந்த புளியோதரை அண்டா. இன்னும் ஆறவில்லை.

"ஐயோ!"

"பாத்து சாமி. கண்ணத் தொறந்தா இந்தத் தொல்லை இல்ல."

அதுதானே அவள் தந்திரம்! எழுந்து, உரத்த குரலில் சுலோகம் சொல்ல ஆரம்பித்தார். பின்பக்கம் எரிந்த எரிச்சலில் பாதியில் மறந்துபோனது. அவள் மீதியை ஒரு பிழையில்லாமல் சொல்லி முடித்தாள். சுலோகத்துக்கே பயப்படாத மோகினியை வேறு எதைச் சொல்லி விரட்டுவது?

துடைப்பத்துக்காகச் சுவரைத் தடவினார். கையில் சிக்கியது மணிக்கயிறு. பற்றி இழுத்ததில் கோயில் மணி ஊருக்கே கேட்கும்படி அடித்தது. அதற்கப்புறம்தான் துடைப்பம் கிடைத்தது.

"ஒரு வாட்டி என்னப் பாருங்களேன். என்னப் பாக்கறதுக்கு எவ்ளோ பேரு வரிசைல நிக்கிறாங்க தெரியுமா?"

"நிப்பானுங்க, நிப்பானுங்க! வெக்கங்கெட்டவனுங்க!"

அவள் கலகலவென்று சிரித்தாள்.

"செரி, நக வேணுமா?"

"வேணாம்."

"நெலம்? ஏரிப் பாசனம், மூணு போகம்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம்" என்றார்.

"அப்ப உங்களுக்கு ஒரே ஒரு ஆசைதான் சாமி. மலைமேல ஏழுமலையான் முன்னாடி நிக்கணும். யாரும் தள்ளாம நிக்கணும். இல்லியா?"

இது யாருக்கும் தெரியாத ரகசியம். வருஷா வருஷம் மலையேறுவார். கால் கடுக்க வரிசையில் நிற்பார். உள்ளே போய், பாதத்தைப் பார்த்து, மாலையைப் பார்த்து, முகத்துக்குக் கண் ஏறுவதற்குள் தோளில் ஒரு கை விழும். "ஜருகண்டி, ஜருகண்டி!" என்று தெலுங்கில் நகரச் சொல்லித் தள்ளுவார்கள். வெளியே வந்து நிற்பார். பெருமாளின் தாடையில் இருக்கும் பச்சைக்கற்பூரத்தை ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்லை. அந்த ஏக்கத்தில்தான் தன் ஊர்ப் பெருமாள் தாடையில் தினமும் பச்சைக்கற்பூரம் அப்பி, தானே நின்று பார்த்துக்கொள்வார். சில நாள் அழுததும் உண்டு.

"இப்பவே பாக்கலாம் சாமி. வேணுங்கற மட்டும் பாக்கலாம். தள்ற ஆளே இல்ல. கண்ணத் தொறந்தா போதும்."

மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அது... அது ஆசை இல்ல. பக்தி."

"ரெண்டுத்துக்கும் இன்னா வித்தியாசம்?"

மைக்கில் இத்தனை காலம் முழங்கியவருக்கு இந்தக் கேள்வி வந்ததே இல்லை. பதில் வராத மனிதர் என்ன செய்வார்? கோபப்பட்டார்.

"அப்ப அந்த ஆசையும் வேணாம்! போ வெளிய!"

துடைப்பத்தை நீட்டித் தள்ளினார். இத்தனை வருஷமாக வாங்கிக்கட்டிக்கொண்டதெல்லாம் வாயில் வந்தது.

"ஜருகண்டி! ஜருகண்டி! ஜருகண்டி!"

கொலுசுச் சத்தம் மெல்லத் தேய்ந்து போயிற்று. கண்ணைத் திறந்தார். யாருமில்லை. வேட்டியெல்லாம் புளிச்சோறு, தரையெல்லாம் தண்ணீர். ஆனாலும் ஜெயித்துவிட்டார்! அடுத்த சனிக்கிழமை மைக்கில் சொல்ல இதைவிட நல்ல கதை ஏது?

மணிச் சத்தம் கேட்டு, கோயில் வாசலில் பூ விற்கும் சந்திரம்மா உள்ளே வந்தாள்.

"இன்னா சாமி கோலம் இது?"

"மோகினி வந்துச்சி சந்திரம்மா! இன்னா ஆசையெல்லாம் காட்டுச்சி! நான் கண்ணையே தொறக்கலியே!"

"இப்ப போனாங்களே, அந்தம்மாவா?"

"ஐயையோ, நீ மூஞ்சிய பாத்துட்டியா? உனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"எனுக்கு இன்னா? ஆற அமர நின்னு பாத்தேன். கண்ணு ரெண்டும் பத்தல. எங்கிட்டதான் துளசி மாலை வாங்கிப் போட்டுக்கினாங்க. தாடையில கூட, நம்ம சாமிக்கு நீங்க வைப்பீங்களே, அதே மாதிரி பச்சைக்கற்பூரம் வச்சிக்கினு இருந்தாங்க."

பூவராகவன் கையிலிருந்த துடைப்பம் நழுவி விழுந்தது.

"எந்தப் பக்கம்... போனாங்க?"

"மலைப் பக்கந்தான். சிரிச்சிக்கினே இன்னாமோ சொன்னாங்க, எனுக்குத்தான் வெளங்கல சாமி. 'அங்க வருசா வருசம் இவன எங்கிட்டேருந்து தள்ளி உட்றாங்க. பாவமேன்னு இன்னிக்கி நானே எறங்கி வந்தா, இவன் என்னையே தள்ளிட்டான்'னாங்க."